டியூப் மேல பழி போடாதீங்க: நிக்ஸி நம்பர் வச்ச பழைய கவுண்டர எழுப்புறது எப்புடி

கரண்ட் வேலை செய்றவங்க சட்டப்பையில டெஸ்டர் ஒன்னு கட்டாயம் இருக்கும், ஸ்க்ரூட்ரைவர் மாதிரி, ப்ளக்கில குத்தி பின்னால விரல வச்சா உள்ள ஆரஞ்சு கலர்ல சின்னதா ஒன்னு மினுக்கும். அத என்னைக்காவது கழட்டி கண்ணுக்கு கிட்ட வச்சு பாத்திருக்கீங்களா? சாதா பல்ப்ல இருக்கிற சுருள் கம்பி அதுல கிடையாது. ரெண்டு குட்டி கம்பி ஒன்னையொன்னு தொடாம நிக்கும், சுத்தி கொஞ்சூண்டு நியோன் வாயு, அவ்ளோதான். வீட்டு ஏசி கரண்ட்ல ரெண்டு கம்பியும் எரியிற மாதிரி தெரியும். அதே பல்புக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு டிசி குடுத்தா ஒரு கம்பி மட்டுந்தான் எரியும், அது மைனஸ் பக்கம் உள்ள கம்பி. ப்ளஸ் பக்கம் சும்மா கருப்பா நிக்கும். இந்த ஒரு விஷயத்த மனசில வச்சுக்கங்க, மிச்சம் எல்லாம் இதுல இருந்துதான் வருது.

நம்ம ஊர் பக்கம், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு எங்க போனாலும் ரேடியோ டிவி திருத்துற கடையில பழைய மெஷின் ஒன்னு மூலையில தூசி புடிச்சு கெடக்கும். முன்பக்கம் கண்ணாடி, உள்ள வரிசையா ஆறு ஏழு நிக்ஸி டியூப், ஒவ்வொன்னுக்குள்ளயும் கம்பியால செஞ்ச நம்பருங்க ஒன்னு பின்னால ஒன்னு அடுக்கி இருக்கும். கேட்டா "அது டியூப் போன சாமான், இப்ப கெடைக்காது"ன்னு சொல்லுவாங்க. நானும் பல வருசமா அப்புடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், அது எவ்ளோ தப்புன்னு தெரிய வச்சது கட்டுகஸ்தோட்டையில ஒரு பழைய சாமான் கடையில இரும்பு வெலைக்கு வாங்கின ஒரு ப்ரீக்வென்சி கவுண்டர்தான், ஒரு செக்கனுக்கு எத்தன கரண்ட் அலை வருதுன்னு எண்ணி நம்பர்ல காட்டுற மெஷின்.

என் அக்கா மகன் ஏ எல் டெக்னோலொஜி படிக்கிறான். அவன்தான் முதல்ல கேட்டான், "மாமா, ஒரு கண்ணாடிக்குள்ள எப்புடி பத்து நம்பர் இருக்கு, எந்த நம்பர் எரியணும்னு அதுக்கு யாரு சொல்றது?" நான் உடனே பதில் சொல்லல, டெஸ்டர கழட்டி அவன் கையில குடுத்தேன்.

நிக்ஸி டியூப்ங்கிறது அந்த டெஸ்டர் பல்பு மாதிரிதான். மைனஸ் கம்பி ஒன்னுக்கு பதிலா பத்து, ஒவ்வொன்னையும் 0, 1, 2ன்னு நம்பர் வடிவத்தில வளைச்சு வெட்டி வச்சிருக்காங்க. ப்ளஸ் கம்பி ஒன்னுதான், அது முன்னால கொசுவல மாதிரி மெல்லிசா இருக்கும், பாக்கிற கண்ணுக்கு மறைக்காம. எந்த நம்பரோட கம்பிய மைனஸ் பக்கம் சேக்கிறோமோ அந்த கம்பிய சுத்தி மட்டும் வெளிச்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும், விடியக்காலம் பனி தோட்டத்து லயன் வீட்டு கூரைய ஒட்டிக்கிட்டு நிக்கும்ல அந்த மாதிரி. அதுனாலதான் கம்பி மெல்லிசா இருந்தாலும் நம்பர் தடிப்பா, ஓரம் கொஞ்சம் பஞ்சு மாதிரி தெரியுது. நம்பர் எல்லாம் ஒன்னு ரெண்டு மூனுன்னு வரிசையா அடுக்கி இருக்கும்னு நெனைக்காதீங்க. ஒன்னு ஒன்ன மறைக்காம இருக்கணும்னு அதுக்கு தோதா மாத்தி மாத்தி அடுக்கி இருப்பாங்க, அதுனால பக்கத்துல இருந்து பாத்தா நம்பர் மாற மாற வெளிச்சம் முன்னால வந்து பின்னால போகும். மருமகன் இத பாத்துட்டு அரமணித்தியாலம் அந்த எடத்த விட்டு அசையல.

1955ல அமெரிக்காவில பரோஸ் கம்பெனி இத கடைக்கு கொண்டு வந்துச்சு. அதுக்கு பொறகு பதினஞ்சு இருவது வருசம் நம்பர் காட்டுற மெஷின்னா இதுதான், வோல்ட் மீட்டர், கவுண்டர், கல்குலேட்டர்னு எல்லாத்திலயும். எச்பி கம்பெனியோட 5245எல் கவுண்டர் 1963ல வந்துச்சு, 50 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் நேரடியா எண்ணும், அதுலயும் நிக்ஸிதான். எழுபதுகள்ல எல்ஈடி வந்ததும் இதோட காலம் முடிஞ்சிருச்சு. ரஷ்யா பக்கம் மட்டும் தொண்ணூறுகளோட தொடக்கம் வரைக்கும் செஞ்சாங்க, இன்னைக்கு நம்ம கைக்கு வர்ற டியூப் பாதிக்கு மேல அந்த மிச்சம்தான்.

இப்ப வோல்டேஜ் கதைக்கு வருவம், ஏன்னா பழுது எல்லாம் இங்கதான் இருக்கு. நியோன் வாயு சும்மா இருக்கிறப்போ கரண்ட கடத்தாது. ஏறத்தாழ 170 வோல்ட் குடுத்தாதான் முதல் தடவை பத்தும். பத்தினதுக்கு பொறகு 140 வோல்ட் அளவு இருந்தா போதும், தொடர்ந்து எரியும். பெட்டரி செத்த வேன தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம்ல, நாலு பேர் சேந்து தம் புடிச்சு தள்ளணும், எஞ்சின் புடிச்சிருச்சுன்னா தள்ள தேவையில்ல, அது மாதிரி. ஆனா கினிகத்தேனை எறக்கத்தில ப்ரேக் இல்லாத வேன தள்ளி விட்டா என்ன நடக்கும்? இங்கயும் அதேதான், வாயு ஒருக்கா பத்திருச்சுன்னா கரண்ட எவ்ளோ இழுக்கணும்னு அதுக்கு அளவு தெரியாது, இழுத்துக்கிட்டே போகும், டியூப் எரிஞ்சு போயிரும். அந்த ப்ரேக்தான் ப்ளஸ் கம்பிக்கு முன்னால போட்டிருக்கிற ரெசிஸ்டர். கணக்கு ரொம்ப லேசு: சப்ளை 180 வோல்ட், டியூப் எடுத்துக்கிறது 140, மிச்சம் 40 வோல்ட் ரெசிஸ்டர்ல விழணும், நமக்கு தேவை 2 மில்லி அம்பியர், 40ஐ 0.002ஆல பிரிச்சா 20 கிலோ ஓம். கடையில 22 கே ரெசிஸ்டர் கெடைக்கும், அது போதும். டியூப்புக்கு டியூப் இந்த அளவு மாறும், டேட்டா ஷீட்ட பாத்துட்டுதான் முடிவு பண்ணணும்.

எந்த நம்பர் எரியணும்னு சொல்றது யாருன்னு அவன் கேட்டான்ல, அதுக்கு பதில் ஒரு ஐசி, அதாவது சின்ன சிப். கொஞ்சம் பிந்தின மெஷின்ல எஸ்என் 74141னு ஒன்னு இருக்கும், ஒவ்வொரு டியூப்புக்கும் ஒன்னு. உள்ள நாலு வயர்ல பைனரி கணக்கு வரும், வெளிய பத்து கால், அதுல ஒன்ன மட்டும் கிரவுண்ட்ல, அதாவது மைனஸ் பக்கம், சேக்கும், அந்த நம்பர் எரியும். அதுக்கும் முந்தின மெஷின்ல தனித்தனி ட்ரான்சிஸ்டர் இருக்கும், பத்து நம்பருக்கு பத்து.

சரி, இனி என் கதை. வாங்கின கவுண்டர்ல ஏழு டியூப், ஆறு ஒழுங்கா வேலை செய்யுது, மூனாவது டியூப்ல மட்டும் 4 வராது. 3 வரும், 5 வரும், 4 வரவேண்டிய நேரம் உள்ள எல்லா நம்பரும் கலந்து மங்கலா ஒரு மூட்டம் மாதிரி தெரியும். நான் பாத்த உடனே தீர்ப்பு சொல்லிட்டேன், டியூப் போச்சு. காசு சேத்து வெளிநாட்டுல இருந்து அதே நம்பர் டியூப் ஒன்னு ஓடர் பண்ணி, ரெண்டு மாசம் காத்திருந்து, தபால்ல வந்தத பயந்து பயந்து போட்டு சுவிட்ச போட்டா... 3 வருது, 5 வருது, 4 வரல. வீட்டுல முகத்த காட்ட முடியல, ஏன்னா அந்த மாசம் காஸ் சிலிண்டர் காசுல கொஞ்சம் எடுத்துத்தான் அத வாங்கினேன்.

அப்பதான் மருமகன் சொன்னான், "மாமா, பழைய டியூப்ப பக்கத்து சொக்கெட்ல போட்டு பாத்தீங்களா?" பாக்கல. போட்டோம். பழைய டியூப்ல 4 பளிச்சுன்னு எரியுது! பழுது டியூப்போட போகல, சொக்கெட்டோடயே நின்னுருச்சு. சொக்கெட்ட கழட்டி டோர்ச் அடிச்சு பாத்தா ஒரு கால்ல மட்டும் பச்சை படிஞ்சிருக்கு, பழைய செம்பு குடத்தில புடிக்குமே அந்த பச்சை. பல்லு வெளக்குற ப்ரஷ்ஷும் ஐசோப்ரொபைல் அல்கஹோலும், கொரோனா காலத்தில வாங்கி மிஞ்சின போத்தல், அவ்ளோதான் செலவு. புது டியூப் இன்னும் தேயிலை டின்னுக்குள்ள பஞ்சு சுத்தி கெடக்குது.

அதுனால இந்த மெஷின் எதுலயும் கை வைக்கிறவங்க முதல்ல பழக வேண்டியது இந்த மாத்தி போட்டு பாக்கிற வேலைதான். கரண்ட நிப்பாட்டி, கண்டென்சர்ல தேங்கின கரண்ட் எறங்கினதுக்கு பொறகு (அத எறக்குறது எப்புடின்னு கடைசியில சொல்றேன்), ரெண்டு டியூப்ப எடம் மாத்துங்க. பழுது டியூப்போட சேந்து போச்சுன்னா டியூப்ல குத்தம். அதே எடத்தில நின்னுச்சுன்னா சொக்கெட், ஐசி, இல்லாட்டி வயர். எல்லா டியூப்பும் ஒன்னா கருப்பா இருந்தா டியூப்ப தொடவே வேணாம், ஏழு டியூப் ஒரே நாள்ல சாகாது, 180 வோல்ட் சப்ளை படுத்திருக்கும். ஒரு டியூப்ல பத்து நம்பரும் இல்லன்னா அந்த ப்ளஸ் பக்க ரெசிஸ்டர அளந்து பாருங்க, வயசான கார்பன் ரெசிஸ்டர் பெறுமதி ஏறிரும், சில நேரம் அறுந்தே போயிரும். ஒரே நேரத்தில ரெண்டு நம்பர் ஒன்னு மேல ஒன்னு எரிஞ்சா ஐசியில ஒரு கால் உள்ளுக்குள்ளயே கிரவுண்ட் ஆகியிருக்கும். 74141க்கு பதிலா ரஷ்யாக்காரங்க செஞ்ச கே155ஐடி1 அப்புடியே காலுக்கு கால் பொருந்தும், வெலையும் பரவாயில்ல.

நம்ம மலைப்பக்கத்துக்குன்னே ஒரு பழுது இருக்கு. ஆனி ஆடி மழையில ஹட்டன்ல சுவர் வேர்க்கும், துணி காயாது, போர்ட்ல படிஞ்ச தூசி ஈரத்த குடிச்சிரும். 5 வோல்ட் போர்ட்டுக்கு அது பெரிய விஷயம் இல்ல, 170 வோல்ட்டுக்கு அந்த ஈர தூசியே ஒரு வயர் மாதிரி. எரியக்கூடாத நம்பர் லேசா பேய் மாதிரி தெரியும், மத்தியானம் வெயில் வந்தா மறைஞ்சிரும், பின்னேரம் திரும்ப வரும். நான் பழைய மரப்பெட்டி ஒன்னுக்குள்ள 40 வோட் குண்டு பல்ப் ஒன்ன மாட்டி, அல்கஹோல்ல கழுவின போர்ட்ட ஒரு ராத்திரி அதுக்குள்ள வச்சிருவேன், பல்புக்கும் போர்ட்டுக்கும் நடுவுல ஒரு அடி எடம் விட்டு. அதுக்கு பொறகு பேய் வர்றதில்ல.

உண்மையாவே டியூப்ல வர்ற நோய் ஒன்னு இருக்கு. ஒரு கவுண்டர்ல இடது ஓரத்து டியூப் எப்பவும் 0தான் காட்டிக்கிட்டு இருக்கும்னு வைங்க. எரியிற கம்பியில இருந்து உலோகம் துளித்துளியா பிஞ்சு பறந்து பக்கத்தில சும்மா நிக்கிற நம்பருங்க மேல படியும். வருசக்கணக்கில படிஞ்சா அந்த நம்பர் எரியிறப்போ முழுசா எரியாது, 8 எரியணும்னா மேல் வட்டம் மட்டும் எரியும், 3க்கு வால் இருக்காது. இத விஷம் புடிச்ச டியூப்னு சொல்லுவாங்க, நல்லா இருக்கிற டியூப் நெறைய இதுனாலதான் குப்பைக்கு போகுது. வைத்தியம் இருக்கு: அந்த நம்பர மட்டும் தனியா, வழக்கத்த விட கொஞ்சம் கூட கரண்ட் குடுத்து, ஒன்றரை மடங்கு, மிஞ்சினா ரெண்டு, மணிக்கணக்கில சில நேரம் நாள்கணக்கில எரிய விடணும். பிஞ்சு பறக்கிற அதே குணம் இப்ப படிஞ்ச அழுக்க பிச்சு எடுக்கும். பக்கத்திலயே இருந்து பாத்துக்கணும், கண்ணாடி தொட முடியாத சூடு ஆச்சுன்னா கரண்ட கொறைங்க. இந்த தேய்மானத்த கொறைக்கத்தான் பின்னால வந்த டியூப்புல துளி பாதரசம் சேத்தாங்க, கிட்ட பாத்தா ஆரஞ்சுக்கு ஓரத்தில நீலம் தெரியிறது அதுனாலதான். ஒடஞ்சா கையால அள்ளாதீங்க, ஜன்னல தொறந்துட்டு கடதாசியால கூட்டி எடுங்க.

இதயும் பழைய ரேடியோவில இருந்த பச்சை கண்ணையும் ஒன்னா போட்டு கொழப்பிக்கிறவங்க இருக்காங்க. தாத்தா காலத்து வால்வ் ரேடியோவில ஸ்டேஷன் சரியா விழுந்தா பச்சை வெளிச்சம் ஒடுங்கி சேரும்ல, மெஜிக் ஐன்னு, ஈஎம்84, ஈஎம்80 அந்த சாதி. அதுக்குள்ள வாயு இல்ல, வெற்றிடம், ஹீட்டர் இருக்கு, பச்சையா எரியிற பூச்சு இருக்கு. அந்த பூச்சு பாவிக்க பாவிக்க மங்கிக்கிட்டே போகும், அத திருப்பி கொண்டு வர முடியாது. அதுனால மெஜிக் ஐ மங்கலா இருந்தா "டியூப் போச்சு"ன்னு சொல்றது பெரும்பாலும் சரி. நிக்ஸியில ஹீட்டர் இல்ல, பூச்சு இல்ல, காத்து உள்ள போகாத வரைக்கும் லேசுல சாகாது.

டியூப் நெசமாவே போச்சுன்னா என்ன செய்றது? முதல்ல மருமகன் கண்டுபுடிச்ச தந்திரம்: ஒரு நம்பர், 7ன்னு வைங்க, செத்த டியூப்ப இடது ஓரத்துக்கு தள்ளிருங்க. நீங்க அளக்கிறது எல்லாம் சின்ன ப்ரீக்வென்சின்னா அந்த எடத்துக்கு 7 வரவே போறதில்ல. காசு செலவில்லாத வைத்தியம், நான் இன்னொரு மெஷின்ல இப்பவும் அப்புடித்தான் வச்சிருக்கேன். வாங்கியே ஆகணும்னா டியூப் நம்பர மட்டும் பாக்காம நாலு விஷயத்த ஒப்பிட்டு பாருங்க. தலைப்பக்கம் இருந்து பாக்கிறதா, பக்கவாட்டில இருந்து பாக்கிறதா, ஐரோப்பாவோட இசட்எம்1020ம் ரஷ்யாவோட ஐஎன்-12உம் தலைப்பக்கம் பாக்கிறது, இசட்எம்1040உம் ஐஎன்-14உம் பக்கவாட்டு. நம்பரோட ஒசரம் ஒத்து வருதா. கால் வரிசை ஒன்னா, இது பெரும்பாலும் வேற வேறயாத்தான் இருக்கும், சின்ன போர்ட் ஒன்னு வெட்டி மாத்து சொக்கெட் செய்ய வேண்டி வரும். தசம புள்ளி தேவையா, ஐஎன்-12ஏல அது இல்ல, பி வகையில இருக்கு. ஐஎன்-12ல இன்னொரு கூத்து, 5ங்கிறது 2ஐ தலைகீழா திருப்பி வச்சதுதான், ஏழு டியூப்ல ஒன்ன மட்டும் மாத்தினா அது தனியா பல்ல காட்டும்.

புதுசா செய்ற ஆளும் இருக்காங்க, செக் நாட்டில டலிபோர் பார்னின்னு ஒருத்தர் கையால செய்றார், ஆனா அது மணிக்கூட்டுக்கு பொருந்துற பெரிய டியூப், நம்ம கவுண்டர் ஜன்னலுக்குள்ள போகாது. மணிக்கூடுன்னதும்தான் எனக்கு கடுப்பு வருது. நல்லா ஓடக்கூடிய கவுண்டர உடைச்சு ஆறு டியூப்ப மட்டும் புடுங்கி மேசை மணிக்கூடு செஞ்சு விக்கிறாங்க, மிச்சம் இரும்புக்கு போகுது. டியூப் கெடைக்காம போனதுக்கு பாதி காரணம் அதுதான்னு நான் நெனைக்கிறேன். சிலர் டியூப்ப தூக்கிட்டு எல்ஈடி வைக்கிறாங்க, வேலைக்கு பாவிக்கிற மெஷின்னா சரி, நான் செய்ய மாட்டேன்.

கரண்ட் குடுக்கிறதுக்கு முன்னால சொல்ல வேண்டியத கடைசியில சொல்றேன், மன்னிச்சிருங்க. அம்பது வருசமா தூங்கின மெஷின நேரா ப்ளக்ல சொருகாதீங்க. பின்னால ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், 115, 230ன்னு, அமெரிக்கா சாமான் பல நேரம் 115லயே கெடக்கும், அப்புடியே நம்ம 230ல போட்டா ட்ரான்ஸ்போமர் பொகஞ்சிரும். அதுக்கு பொறகு 60 வோட் குண்டு பல்ப் ஒன்ன மெயின்ஸ் வயரோட சீரிஸ்ல போடுங்க. பல்ப் ஒருக்கா மின்னி மங்கினா நல்லது, முழுசா எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷோர்ட், ஒடனே நிப்பாட்டுங்க. சப்ளை கண்டென்சர் எல்லாம் உள்ள காஞ்சு போயிருக்கும், பெருசா தடிச்சதோ கசிஞ்சதோ இருந்தா யோசிக்காம மாத்துங்க, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில 250 வோல்ட், 400 வோல்ட் எல்லாம் எடுக்கலாம். ப்ளக் நிப்பாட்டினதுக்கு பொறகும் அந்த கண்டென்சர்ல 180 வோல்ட் நிக்கும். ஒருக்கா மறந்து தொட்டு முழங்கை வரைக்கும் மரத்து, கையில இருந்த ஸ்க்ரூட்ரைவர் பறந்து போய் தேத்தண்ணி கோப்பையில விழுந்துச்சு, நான் பொழச்சது ஒரு கைய பொக்கெட்ல வச்சிருந்ததால. 10 கிலோ ஓம், 5 வோட் ரெசிஸ்டர் ஒன்னுக்கு ரெண்டு பக்கமும் க்ளிப் வயர் போட்டு வச்சுக்கங்க, கண்டென்சரோட கால் ரெண்டுக்கும் நடுவுல சில செக்கன் புடிச்சு, மீட்டர்ல அளந்து பாத்துட்டு கைய வைங்க. ஈரத் தரையில செருப்பில்லாம நின்னுக்கிட்டு இந்த வேலை செய்யவே கூடாது.

எங்க கவுண்டர் எழும்பின அன்னைக்கு அளக்கிறதுக்கு வேற ஒன்னும் இல்ல, அதுனால 6 வோல்ட் சின்ன ட்ரான்ஸ்போமர் ஒன்ன ப்ளக்ல போட்டு அதோட வெளிப்பக்கத்த கவுண்டருக்கு குடுத்தோம். வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னு புத்தகத்தில படிச்சவன் முதல் தடவை கண்ணால பாக்கிறான். கவுண்டர் ஒரு செக்கன் கதவ தொறந்து வச்சு எத்தன அலை உள்ள வருதுன்னு எண்ணிட்டு மூடும், அவ்ளோதான் அதோட வேலை. 50 வந்துச்சு. அடுத்த செக்கன் 49. பொறகு 50, 50, 49.

"மாமா, கடைசி நம்பர் ஆடுது. அந்த டியூப் போயிருச்சா?"

முறைச்சேன். கதவு தொறக்கிற நேரமும் அலை வர்ற நேரமும் ஒன்னுக்கொன்னு தெரியாது, ஒரு அலை பாதி உள்ள பாதி வெளிய மாட்டிக்கும், அதுனால எந்த கவுண்டரா இருந்தாலும் கடைசி எண் ஒன்னு கூடும் கொறையும். கதவ பத்து செக்கன் தொறந்து வச்சா அந்த ஆட்டம் புள்ளிக்கு பின்னால போயிரும்னு சொல்லி சுவிட்ச திருப்பினேன். பத்து செக்கன் ரெண்டு பேரும் வாய தொறக்கல. 49.9. திரும்ப பத்து செக்கன். 50.0. அவன் கொப்பி ஒன்ன எடுத்து நேரத்தையும் நம்பரையும் எழுத ஆரம்பிச்சான், பின்னேரம் ஆறு மணியில இருந்து எல்லா வீட்டுலயும் லைட் போட்டு சோறாக்கிற நேரம் வரைக்கும், 49.8க்கு எப்ப எறங்கும்னு பாத்துக்கிட்டு.